முள் அசையாத பெயர்

பிரமேஸ்வரியின் பெயரை எழுதிய அன்று பதிவேடு பதினான்கு கிலோ கூடியது. அந்தச் சிறுமியின் எடையும் அதுதான். மத்திய ஜாவாவின் அந்த ஆஸ்பத்திரியில், குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில், இது வழக்கம். பிள்ளை வளர்ந்தால் பதிவேடும் கனக்கும், இறந்தால் இறங்கும். எழுத்தர் வெனிங் அதை அரிசி மூட்டை நிறுக்கும் தராசின் மேலேயே விரித்து வைத்து எழுதினாள். அவள் எழுதித்தான் பிள்ளைகள் சாகின்றன என்று தாய்மார்களுக்குச் சந்தேகம். பொய் முகவரி கொடுத்தார்கள். அவளும் அவர்களை நம்பவில்லை. மாகாண அலுவலகத்து ஹென்ட்ரோ யாரையுமே நம்பவில்லை.

ஐந்து மாதச் சிகிச்சைக்குப் பின் பிரமேஸ்வரி வரவில்லை. அவள் முகவரியில் ஒரு செங்கல் சூளைதான் இருந்தது.

"செத்திருக்கும், பேரை அடிச்சிடு," என்றார் ஹென்ட்ரோ.

பதிவேட்டின் எடை இறங்கவில்லை. அதனால் வெனிங் அடிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒருத்தி, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, துமி என்ற ஒல்லிச் சிறுமியுடன் வந்தாள். இதற்கு முன் எந்த ஆஸ்பத்திரிக்கும் போனதில்லை என்றாள். புது டாக்டர் மருந்துகளை முதலிலிருந்து எழுதினார். அதில் சிவப்பு ஊசிக்கு ஆயுளுக்கு ஓர் அளவு உண்டு; மீறினால் இதயம் தாங்காது. வெனிங் பெயரை எழுதினாள். தராசு முள் அசையவில்லை.

"இவ ஏற்கெனவே இதுல இருக்கா. யாரு இவ?"

"ஏன்க்கா, நீங்க போலீஸா?"

"முன்னாடி எத்தனை சிவப்பு ஊசின்னு தெரியாம மறுபடி போட்டா நெஞ்சு நின்னுடும். அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

தாய் மகளைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"பேரு ரொம்ப கனம்னு மாமனாரு சொன்னாரு. ராணி பேராம், எங்க வீட்டுக்குத் தாங்குமா? சிவப்புக் கஞ்சி, வெள்ளைக் கஞ்சி காய்ச்சிச் சடங்கு செஞ்சு பேரை மாத்திட்டோம். பழைய பேரைச் சொன்னா நோய்க்கு அடையாளம் தெரிஞ்சுடும்க்கா."

"சொல்லாதீங்க. காட்டுங்க."

பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் அவள் விரல் வைத்தாள். அந்த வரியில் சிவப்பு ஊசி முழு அளவும் போட்டு முடிந்திருந்தது. டாக்டர் சீட்டைக் கிழித்தார்.

ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயரா என்று கேட்டுக்கொண்டு ஹென்ட்ரோ வந்தார். தராசைக் காலால் தட்டினார், அடியில் குனிந்து பார்த்தார், கடைசியில் பதிவேட்டில் தன் பெயரையே எழுதினார். எண்பத்தொரு கிலோ. உடனே அடித்தார், முள் இறங்கியது. அறிக்கையில் தராசு சரியாக இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்.

மறு ஆண்டு மாகாணம் முழுவதற்கும் புதுப் படிவம் வந்தது. ஒரு கட்டம் கூடியிருந்தது: பழைய பெயர், வாய்விட்டுப் படிக்கக் கூடாது. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு தராசும் கொடுத்தார்கள். துமி அந்த ஆண்டு நான்கு கிலோ ஏறினாள். பதிவேட்டைத் தூக்க இன்னோர் ஆளைப் போட்டார்கள்.