தொண்ணூற்றேழு வீதம் முடிந்த பாலம்

"இப்ப என்ன, அப்பா பேர எடுத்துட்டுப் போட்டா உன் நியூஸ் செத்துருமா?"

ஏணியின் மேல்படியில் நின்று, சாவு வீட்டு வெள்ளைக் கொடிக் கயிற்றை விளக்குக் கம்பத்தோடு இழுத்துக் கட்டிக்கொண்டே யுகேஷ் கேட்டான். சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, ஏற்கெனவே இறுகியிருந்த முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினான்.

கீழே அவன் தங்கை நிஷாந்தினி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கைபேசி அதிர்ந்தது. கண்டியில் அவள் வேலை செய்யும் செய்தித் தளத்தின் ஆசிரியர், அவள் 'நானா' என்று கூப்பிடும் அர்கம்.

"நிஷா, இந்த நேரத்துல கரச்சல் குடுக்கக் கூடாதுதான். ஒங்கட அப்பாட விசயம் கேட்டு மனசே சரியில்ல. அந்தப் பால ரிப்போர்ட்ட அடுத்த கிழமைக்குத் தள்ளுவமா?"

"வேணாம் நானா. இன்னிக்கே தர்றேன்."

"எழுதி முடிஞ்சா?"

"கிட்டத்தட்ட."

மூன்று வாரமாக அப்பாவிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிலிமத்தலாவையில் அவர்கள் இருந்த ஒழுங்கை, இறக்கத்தில் போய் ஓயா என்கிற சிற்றாற்றில் முட்டும். அங்கேதான் அந்தப் பாலம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பதினெட்டு மாதத்தில் முடிப்போம் என்று தேங்காய் உடைத்தார்கள். செலவு சொன்னதைவிட இரண்டரை மடங்கு ஆகிவிட்டது. தண்ணீருக்குள் இரண்டு தூண்கள் நிற்கின்றன, அவ்வளவுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு நான்கு மாதம் காத்திருந்த நிஷாந்தினிக்கு ஒரு வரியில் பதில் வந்தது. முடிந்த வேலை: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீதம்.

மூன்று வாரத்துக்கு முன்னால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே ஓடினாள். "அப்பா, கேட்டீங்களா! ரெண்டு தூணுக்குத் தொண்ணூத்தேழாம்! அப்ப மிச்ச மூணு வீதம்தான் முழுப் பாலமும்!"

அழகமுத்து சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் சாலை அலுவலகமான வீதிக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அத எழுதினது நான்தான்மா."

காலாண்டுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று செலவான வீதம், மற்றது முடிந்த வீதம். ஒரு தடவை சைட்டிலிருந்து அளவு வரவில்லை, இஞ்சினியர் லீவு. நாலு மணிக்குள் கொழும்புக்கு அனுப்பியாக வேண்டும். செலவுக் கட்டத்தில் இருந்த அறுபத்து மூன்றையே மற்றக் கட்டத்திலும் எழுதி அனுப்பிவிட்டார். அடுத்த முறை திருத்தலாம் என்று நினைத்தார். அடுத்த முறை பார்த்தால், அந்தக் கட்டத்து எண் கூடலாம், குறையக் கூடாது. குறைந்தால் விளக்கம் எழுதவேண்டும், யாரோ ஒருவர் கையொப்பம் வைக்கவேண்டும். எவரும் வைக்கவில்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. முடியப்போகிற பாலத்துக்கு எதற்கு ஆள் என்று, கட்டுமானத்தைக் குத்தகை எடுத்த கொந்தராத்துக்காரரும் போய்விட்டார்.

"பேரோட போடு," என்றார் அப்பா. "'ஒரு லிகிதர்'னு மொட்டையா எழுதாத."

"நீங்க பென்ஷன் எடுக்கிறப்போ எத்தனை?"

"தொண்ணூத்தொண்ணு."

"பிறகு?"

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பிறகு உள்ளது வேணாம். என் பேர் போதும்."

அவருக்குப் பிறகு அந்தக் கதிரையில் உட்கார்ந்தது யுகேஷ்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கேட்பார், "வந்துருச்சா?" அவள் சொல்வாள், "கிட்டத்தட்ட முடிஞ்சுதுப்பா." நேற்றைக்கு முந்தின நாள் காலையிலும் கேட்டார். பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மணிக்குப் பந்தலில் இரங்கல் உரை தொடங்கியது. கந்தோரின் தலைமை லிகிதர் நபீல் சேர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அழகமுத்து அண்ணன்ட ரிப்போர்ட் ஒண்டு கூட ஒரு நாள் பிந்தினதில்ல. கொழும்புல இருந்து கோல் எடுத்துச் சொல்லுவாங்க, கண்டி ரிப்போர்ட் மட்டும்தான் நேரத்துக்கு வருது எண்டு. இப்ப மகனும் அப்பிடித்தான். புலிக்குட்டி!"

கூட்டம் தலையாட்டியது. பெட்டியின் தலைமாட்டில் மொட்டையடித்த தலையோடு நின்ற யுகேஷ் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்க உள்ளே வந்தாள் பாலம்மா. ஓயாவுக்கு அக்கரை வீட்டுக்காரி. நேரே அம்மா ஞானேஸ்வரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சிரு தாயி. அங்கிட்டு நின்னு பாத்தா இந்தா தெரியுது உன் பந்தல். ஒப்பாரி கூட கேக்குது. வந்து சேர ரெண்டு பஸ்ஸு, ஒன்றரை மணி நேரம். ஆத்துல தண்ணி கூடிருச்சு, இறங்கி வர முடியல." பிறகு பெட்டியைப் பார்த்து அழுதாள். "எப்பய்யா முடியும்னு கேக்கிறப்பெல்லாம் கொஞ்சந்தான் பாக்கின்னு சொல்லுவியே!"

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள், "பொய் சொல்லத் தெரியாத மனுசன்."

மூன்று மணிக்குப் பறை முழங்க ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். நிஷாந்தினி அடுப்படி மூலையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். கே. அழகமுத்து என்று எழுதினாள். அறுபத்து மூன்றின் கதையை நிறுத்தாமல் எழுதினாள். அதற்குப் பிறகு, 'அவருக்குப் பின்னர் வந்தவர்கள்' என்று எழுதி அழித்தாள். 'பின்னர் இந்த எண்' என்று தொடங்கி, அதையும் அழித்தாள். அப்பாவின் பெயரோடு நிறுத்திவிட்டால் ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவளுக்குத்தான் கை ஓடவில்லை.

"அதையே பாத்துக்கிட்டு இருக்காத," என்றாள் அம்மா. "அண்ணன் ஓயாவுல குளிச்சிட்டுத்தான் வருவான். கட்டிக்கச் சாரத்தையும் துடைக்கத் துவாயையும் கொண்டு போய்க் குடு."

அவள் கீழே போனபோது மற்ற ஆண்கள் முழுகிவிட்டு மேடேறிக்கொண்டிருந்தார்கள். யுகேஷ் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் முதல் தூணில் கையை ஊன்றி நின்றான். மேலே கம்பிகள் துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"எழுதிட்டியா?"

"பாதி."

"எதுவரைக்கும்?"

"தொண்ணூத்தொண்ணு வரைக்கும்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் ஏசுவான் என்று எதிர்பார்த்து அவள் துவாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"தொண்ணூத்திரண்டுல இருந்து நான்தான்," என்றான். "தொண்ணூத்தேழுல ஏன் நின்னுச்சு தெரியுமா? அதுக்கு மேல போனா திறப்பு விழாவுக்குத் திகதி கேப்பாங்க." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "என் பேரையும் போடு."

"அண்ணே, வேலை போயிரும்."

"விசாரணை வைப்பாங்க. விசாரணையும் ஒம்பது வருசம் இழுக்கும், பயப்படாத."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே துவாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் பார்க்காதது போல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு இரண்டாவது தூணுக்குப் போனான். அங்கிருந்து அக்கரையைக் கண்ணால் அளந்தான்.

"வெள்ளிக்கிழமை இந்தக் காலாண்டு ஃபோர்ம் போகணும். விளக்கம் நானே எழுதுறேன். கையெழுத்தும் நானே வைக்கிறேன்." ஆற்றிரைச்சலுக்கு மேலே கத்தினான். "நாலு தூண் வேணும், ரெண்டுதான் இருக்கு. மேல தட்டு இல்ல, ரெண்டு பக்கமும் ரோட்டு இல்ல. பத்தொம்போது போடலாமா? இருபத்திரண்டு வருமா? கூட்டியும் போடக் கூடாது, பயத்துல குறைச்சும் போடக் கூடாது. நீ நல்லாப் பாத்துச் சொல்லு நிஷா, நீ என்ன நினைக்கிற, எத்தனை வீதம் போடலாம்?"