எதிர்ச்சுவரில் மூன்று பச்சைப் புள்ளிகள்

வெல்டரின் நாலு வயது மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்க, அவள் வயிற்றிலிருந்து பச்சை வெளிச்சம் கிளம்பி, போர்வையையும் மூடிய மரஜன்னலையும் தாண்டி, எதிர்க்கட்டடச் சுவரில் மூன்று புள்ளிகளாக விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு. குழந்தையின் ஈரலில் மூன்று புற்றுக்கட்டி. காலையில்தான் மினுங்கும் மருந்தை ஊசியில் போட்டிருந்தார்கள். நல்ல ஈரல் அந்த மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். கட்டி மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு மினுங்கும். மினுங்குவதை வெட்டி எடுப்பது, கத்தி போகாத மூலையில் சிவப்பு விளக்கைக் காட்டி அதே மருந்தால் பொசுக்குவது என்று ஏற்பாடு. வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. வெல்டர் ஏணி போட்டு ஏறி மூன்று புள்ளிகளையும் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டான். பற்றவைக்க வேண்டிய இடத்தைக் குறிக்காமல் விட்டால் அவனுக்குக் கை அரிக்கும்.

கூட்டம் கூடியது. மனிதப் பிறவிக்கு வெட்கம் கிடையாது. வாயில் எதையோ மென்றுகொண்டே வந்து போனில் படம் பிடித்தார்கள். சொந்தத் தாய்மாமனே, "பொடிச கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வை மச்சான், படம் கலங்குது" என்றான். வெல்டர் அவன் சட்டையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டான். ஆஸ்பத்திரி இயக்குநரை யார் கொண்டுபோய் விடுவது? சனிக்கிழமை ஒரு பெரிய மனிதர் பார்க்க வருகிறார் என்று அவர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். டாக்டரம்மா ஆட்சேபித்து எழுதிக் கொடுத்த தாளை மடித்து, அதன் முனையால் பல் குத்தினார். வெள்ளிக்கிழமை புள்ளிகள் மங்கின. சனிக்கிழமை பெரிய மனிதர் ஏப்பம் விட்டபடி வந்து, எட்ட நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சுவரில் அப்போது இரண்டு புள்ளிதான் இருந்தது.

"ஒண்ணு தானா கரைஞ்சிருக்கு. நல்ல சேதிதானேப்பா" என்றார் இயக்குநர்.

வெல்டர் இயக்குநருக்குக் குறுக்கே வந்து நின்றான். "செவப்பு போச்சேன்னு இரும்பத் தொட்டவன் தோலு எங்க பட்டறையில இன்னும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு சார். நெறந்தான் போயிருக்கு. வட்டம் மூணு. மூணையும் எடுங்க."

டாக்டரம்மா இயக்குநரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலை நகர்த்தி நகர்த்தி, மிச்சமிருந்த இரண்டு வெளிச்சத்தையும் அவற்றின் வட்டத்துக்குள் உட்கார வைத்தார். ஜன்னலைத் திறந்து, மூன்றாவது வட்டத்திலிருந்து குழந்தையின் வயிற்றுக்கு நூல் பிடித்து, நூல் தொட்ட இடத்தில் மையால் புள்ளி வைத்தார். அன்றே ஆபரேஷன் நடந்தது. இரண்டு கட்டி கத்திக்கு வந்தன. மூன்றாவது, மைப்புள்ளிக்கு நேர் கீழே, ரத்தக்குழாய்க்குப் பின்னால், கடுகளவில் இருட்டாக ஒளிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத மிச்ச மருந்து அதில் இருந்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கைக் காட்டியதும் கருகிச் சுருங்கியது.

பொடிசு பிழைத்தாள். ஆறு வருஷமாகச் சோதனையில் ஒன்றும் இல்லை. கட்டி போனாலும் சுவர் வெளிச்சம் போகவில்லை. மூன்றாவது புள்ளியும் திரும்பி வந்து நின்றுகொண்டது. நாலு தடவை வெள்ளையடித்தும் பச்சை மேலே வந்துவிட்டது. இயக்குநர் அதன் கீழே தன் படம் போட்ட பலகை ஒன்றை மாட்டினார். பச்சை விழுந்து, படத்திலிருப்பவர் எந்நேரமும் வாந்தியெடுக்கப் போகிறவர் மாதிரி இருக்கிறார். மகளைச் சோதனைக்குக் கூட்டிவரும்போதெல்லாம் வெல்டர் அங்கே ஒரு நிமிஷம் நின்று காறித் துப்புவான். எதிர்க்கட்டடத்துக்காரர்கள் அந்த வெளிச்சத்துக்கு நேரே கொடி கட்டியிருக்கிறார்கள். மழை நாளில்கூட துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது.