முதலில் கிடைத்த லைப்ரரி

“அப்போ நான் பொய் சொல்றேன். அதைத்தானே சுத்தி வளைச்சு சொல்ற?”

அண்ணி குரலை உயர்த்தவில்லை. கழுவி வைத்த தட்டைத் துடைத்தபடியே கேட்டாள். ஈரம் போய்விட்ட தட்டை அவள் விடாமல் துடைத்துக்கொண்டிருந்ததுதான் எதிரே நின்ற சின்னவளுக்கு அச்சம் தந்தது. சின்னவள் அண்ணனின் ஒரே தங்கை. அந்த வீட்டில் சின்னவள் என்பதே அவளுக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

“பொய்னு யாரு சொன்னா அண்ணி? அவசரத்துல கை தவறியிருக்கலாம்னுதான்...”

“தவறல. அந்த லாரி டிரைவருக்கு மூச்சு இறங்குச்சு. வலி மருந்து ஏறிட்டிருந்த பம்பை நிறுத்தினேன். வேகத்தை நாப்பதுல இருந்து பத்தாக் குறைச்சேன். மறுபடி ஓட விட்டேன். திரையில பத்துன்னு காட்டுச்சு. உள்ள நாப்பதுலயே ஓடியிருக்கு உன் மெஷின்.”

“அந்தக் கோளாறு முன்னாடி இருந்துச்சு அண்ணி. நான்தானே சரி பண்ணேன்! மூணாம் வெர்ஷன்ல அது வரவே வராது. உங்க பம்ப்ல மூணுன்னு போட்டிருக்குன்னு நீங்களே சொன்னீங்க.”

“ஆமா, போட்டிருக்கு.” தட்டை அடுக்கில் வைத்தாள். “இன்னைக்கு மத்தியானம் விசாரணையில அதையேதான் சொல்லப்போறாங்க. கோளாறு சரியாயிடுச்சுன்னு கம்பெனி சான்று குடுத்திருக்கு, அதனால தப்பு நர்ஸ் மேலதான்னு. சான்றுல கையெழுத்துப் போட்டது யாருன்னு கேட்டேன். என் நாத்தனார் பேரைச் சொன்னாங்க.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அண்ணன், “வீட்டுக்குள்ளேயே வாதி, பிரதிவாதி ரெண்டும் இருந்தா வக்கீல் செலவு மிச்சம்” என்று சூழலை இலகுவாக்கப் பார்த்தான். இருவரும் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில், செருப்பின் மறுவாரை மாட்டாமலேயே வெளியேறினான்.

நோயாளியின் ரத்த நாளத்துக்குள் சொட்டுச் சொட்டாக மருந்தை அனுப்பும் பம்ப் அது. அதை இயக்கும் மென்பொருளை எழுதும் நிறுவனத்தில்தான் சின்னவள் பணிபுரிந்தாள். குற்றம் உறுதியானால் அண்ணிக்கு வேலை மட்டுமா போகும்? செவிலியர் பதிவே பறிபோகும். எந்த மருத்துவமனையின் வாசற்படியையும் இனி அவள் ஏற முடியாது. அந்த ஓட்டுநரோ இன்னும் கண் திறக்கவில்லை. இத்தனையும் தெரிந்திருந்தும் சின்னவள் அதுவரை தன் கையெழுத்தையே நம்பினாள், அண்ணியின் கண்களை நம்பவில்லை. அன்று காலை அந்தக் காய்ந்த தட்டு அவளை உறுத்தியது. அலுவலகம் சேர்ந்ததும் தன் இருக்கைக்குப் போகாமல் சோதனை அறைக்குப் போனாள்.

சோதனை அறையின் பொறுப்பாளனைத் தலைமுடியை வைத்துச் ‘சுருட்டை’ என்றே எல்லோரும் அழைப்பார்கள். மேசை நிறையப் பம்புகள், குழாய்கள், அளவுக் குடுவைகள்.

“என்னக்கா, காலங்காத்தால எங்க அழுக்கு ரூமுக்கு விஜயம்?”

“ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோமே மூணாம் வெர்ஷன், அதை ஒரு பம்ப்ல ஏத்துடா.”

“அதைத்தான் எப்பவோ சோதிச்சாச்சே. நீ குடுத்ததை நான்தானே சோதிச்சேன்.”

“நான் குடுத்ததை இல்ல. அடுப்புல இருந்து வந்ததை.”

சுருட்டையின் முகத்திலிருந்த கேலி வடிந்தது. “பெரியவர் கட்டினதையா? அதை யாரு சோதிப்பா? அவரையே சந்தேகப்படுற மாதிரி ஆயிடாதா?”

அந்த அலுவலகத்தின் நடைமுறை அதுதான். நிரலாளர்கள் தத்தம் கணினியில் மென்பொருளைக் கட்டுவார்கள். சுருட்டை அதைச் சோதிப்பான். ஆனால் வெளியே செல்வது அது அன்று. தலைமைப் பொறியாளரான பெரியவரின் அறையில் ஒரு கணினி இருந்தது. கடைசியாக எல்லாம் வேகும் இடம் என்பதால் அதற்கு அடுப்பு என்று பெயர். நிரல் துண்டுகளையும் அவற்றுக்குத் தேவையான, முன்பே எழுதி வைத்த நிரல் தொகுப்புகளான லைப்ரரிகளையும் தேடிப்பிடித்து ஒன்றாகக் கட்டும் பில்ட் டூலை அந்தக் கணினியில் பெரியவர் தம் கையாலேயே இயக்குவார். மற்றவர்கள் சற்றுத் தள்ளி நிற்பார்கள். கட்டி முடித்ததை அப்படியே அனுப்புவார்கள். மீண்டும் சோதிப்பது அவமதிப்பு! உயிரைக் காக்கும் கருவியைவிட ஒருவரின் மதிப்பைக் காப்பது பெரிதென்று அங்கே எவரும் தீர்மானம் போட்டதில்லை. எவரும் எதிர்த்துக் கேட்டதுமில்லை. கேட்காமலிருந்தே அது சட்டமாகிவிட்டது.

சுருட்டை கதவைச் சாத்திவிட்டு ஏற்றினான். திரையில் மூன்று என்ற எண் மின்னியது. நாற்பதில் ஓடவிட்டான், நிறுத்தினான், பத்தாகக் குறைத்து மறுபடி தொடக்கினான். திரை பத்து என்றது. குடுவைக்குள் சொட்டுகள் நாற்பதின் வேகத்தில் அடித்துக்கொண்டு விழுந்தன.

“அக்கா...” என்றான் சுருட்டை.

சின்னவள் பம்பை அணைக்கவும் தோன்றாமல் நின்றாள். அண்ணி சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. குடுவை நிரம்பி வழிந்து மேசை நனைந்த பிறகே அவள் கால்கள் அசைந்தன.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும், “உன் கோட்ல ஓட்டை இருக்கும், போய்ப் பாரு” என்றார்.

“என் மெஷின்ல கட்டினா சரியா ஓடுது சார். அடுப்புல கட்டினாத்தான் பழைய கோளாறு வருது. உள்ள பழைய லைப்ரரி போய் உக்காந்திருக்கு.”

“மூணுன்னு காட்டுதில்ல?”

“பில்ட் டூல் அந்த எண்ணைப் புது ஃபோல்டர்ல இருக்கிற தலைப்புக் கோப்புல இருந்து எடுக்குது. மோட்டாரை ஓட்டுற லைப்ரரியை வேற எங்கிருந்தோ எடுக்குது. எதை எடுக்குதுன்னு விவரமா எழுதிக் காட்டச் சொல்லுங்க சார், பாத்துடலாம்.”

அவர் முகம் சுளித்தபடி கட்டளையைத் தட்டினார். வரிகள் ஓடின. சின்னவள் விரலை நீட்டி ஒரு வரியை நிறுத்திக் காட்டினாள். பெரியவர் அந்தக் கணினியை வாங்கிய நாளில் தம் பெயரில் திறந்த ஃபோல்டர் அது. அதில் இரண்டாம் வெர்ஷன் இன்னும் கிடந்தது. தேடும் வரிசையில் அவருடைய ஃபோல்டருக்கே முதலிடம். பில்ட் டூல் அங்கே நுழைந்தது, கேட்ட பெயரில் ஒரு லைப்ரரியைக் கண்டது, திருப்தியடைந்தது. அடுத்த ஃபோல்டரில் திருத்தப்பட்டது காத்திருந்ததை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“அவ்வளவுதானே?” பெரியவர் வரிசையை மாற்றினார். புது ஃபோல்டரை முன்னே வைத்தார். மீண்டும் கட்டினார். அதே வரி, அதே பழைய லைப்ரரி வந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “பாத்தியா? வரிசையை மாத்தியும் வரல. அப்போ கோளாறு என் ஃபோல்டர்ல இல்ல, உன்கிட்டதான்.”

ஒரு கணம் சின்னவளுக்கே தடுமாறியது. தவறு தன்னுடையதுதானோ? கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். கட்டும் வேலை முடிந்திருந்த வேகம் அவளுக்கு இடித்தது.

“அது தேடவே இல்லை சார். முதல் தடவை கண்டுபிடிச்ச இடத்தை நினைவுல வச்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய பதிலையே ஒப்பிக்குது. அந்த நினைவை அழிச்சாத்தான் மறுபடி தேடும்.”

“அழிக்கிறதா? இந்த மெஷின்ல எதையும் அழிச்சதே கிடையாது. அதனாலதான் இத்தனை வருஷம் ஒழுங்கா ஓடுது.”

“ஒழுங்காவா? ஒருத்தர் கண்ணு திறக்காமக் கெடக்காரு சார்!”

அவள் கை விசைப்பலகைக்கு நீண்டது. அந்த அறையில் அதுவரை யாரும் செய்யாத செயல். பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். அவள் நினைவுக் கோப்பை அழித்தாள். பில்ட் டூலை முடுக்கினாள். இம்முறை அது நேரமெடுத்துக்கொண்டது, உண்மையாகவே தேடியது. வரி வந்தது: புதிய ஃபோல்டர், மூன்றாம் வெர்ஷன். கட்டி முடித்ததைச் சோதனை அறையில் வேறொரு பம்பில் ஏற்றினார்கள். பத்தாகக் குறைத்ததும் குடுவைக்குள் சொட்டுகள் நிதானமாக, இடைவெளிவிட்டு விழுந்தன.

பெரியவர் சின்னவளைத் தம் அறைக்குத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார். “இதை இன்னைக்கே எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிடு. வழக்கமான அப்டேட்னு சொல்லு. காரணம் எழுத வேண்டாம்.”

“விசாரணை?”

“அது அவங்க ஆஸ்பத்திரி விவகாரம்மா.”

“அந்த நர்ஸ் என் அண்ணி சார்.”

பெரியவர் திடுக்கிட்டார், பிறகு அவர் முகத்தில் ஓர் ஆறுதல் பரவியது. “அப்போ நீ போய் என்ன பேசினாலும் எடுபடாது. சொந்தத்துக்காகப் பேசுறான்னுதான் சொல்லுவாங்க. சரின்னு சான்று குடுத்ததும் நீ, இல்லைன்னு சொல்லப்போறதும் நீ. எந்த நாக்கை நம்புவாங்க?”

அந்தக் கேள்வி நியாயமாகவே இருந்தது, அதுதான் கொடுமை. சின்னவள் சோதனை அறைக்குத் திரும்பினாள். அங்கே மருத்துவமனைக்குப் போன அதே மென்பொருள் ஏறிய பம்ப், குழாய், குடுவை மூன்றும் ஒரு பையில் கட்டித் தயாராக இருந்தன.

“கூட வாடா. நீயும் பாத்தேல்ல?”

சுருட்டை தரையைப் பார்த்தான். “நான் எதையும் பாக்கலக்கா. நீ பையை எடுக்கிற நேரம் நான் காபி குடிக்கப் போயிருந்தேன். குழாயை மட்டும் மடிக்காமத் தூக்கிட்டுப் போ, உடைஞ்சுடும்.”

அரைத் துணிவுதான். அதற்கும் நன்றி சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

விசாரணை அறையில் நீண்ட மேசை. ஒரு முனையில் மருத்துவமனையின் தலைமை மருத்துவர், அவரருகே செவிலியர் தலைவியான மேட்ரன். மறுமுனையில் தனியாக அண்ணி. பையோடு நுழைந்த சின்னவளைக் கண்டதும் மேட்ரன் உதட்டைக் கோணினாள். “சாட்சிக்கு நாத்தனாரா? நல்லாருக்கு. அடுத்து மாமியாரும் வருவாங்களா?”

“நான் சாட்சி சொல்ல வரல மேடம். நான் குடுத்த சான்று தப்பு, அதைச் சொல்ல வந்தேன். அதையும் நம்ப வேண்டாம். இந்தப் பம்ப் நீங்க வாங்கின ரகம்தான், மென்பொருளும் உங்களுக்கு வந்ததுதான். நான் தொடமாட்டேன். நீங்களே அழுத்திப் பாருங்க.”

மேட்ரன் தயங்கினாள். தலைமை மருத்துவர் தலையசைக்கவே, எழுந்து வந்து பழகிய விரல்களால் அழுத்தினாள்: நாற்பது, நிறுத்து, பத்து, தொடக்கு. திரை பணிவோடு பத்து என்றது. குடுவையோ வேறு கதை சொன்னது. மேட்ரன் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு சொட்டுகளை எண்ணத் தொடங்கினாள். எண்ண எண்ண அவள் உதட்டுக் கோணல் மறைந்தது. மறுபடி முதலிலிருந்து அழுத்தினாள். மறுபடியும் அதே வேகம்.

“இது எப்படி...” என்று தொடங்கிய தலைமை மருத்துவர், தம் கேள்வியைத் தாமே வெட்டினார். “இப்போ நம்ம வார்டுல ஓடுற பம்ப் எல்லாமே இதுதானா?”

“எல்லாமே சார்” என்றாள் சின்னவள். “ஓடிட்டிருக்கிறதை நடுவுல நிறுத்தி வேகத்தை மாத்தக் கூடாது. மாத்தியிருந்தா இந்த நிமிஷமும் பழைய வேகத்துலதான் போகுது.”

மருத்துவர் அண்ணியை நோக்கி, “நீங்க போங்க, முதல்ல வார்டைப் பாருங்க” என்றார்.

அண்ணி எழுந்தாள். “நான் சஸ்பெண்ட்ல இருக்கேனே சார். வார்டுக்குள்ள காலை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இப்போ இல்ல. நான் சொல்றேன், இப்போ இல்ல. ஓடும்மா!”

அவள் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தாள்.

சின்னவள் பின்தொடர்ந்தாள். கட்டிலுக்குக் கட்டில் அண்ணி விரைந்தாள். பம்பிலிருந்து குழாயை விடுவித்தாள், இடுக்கியை விரலால் நெருக்கினாள், சொட்டைக் கண்ணால் அளந்தாள், அடுத்த கட்டிலுக்கு மற்றொரு செவிலியை ஏவினாள். ஒரு கட்டிலருகே மட்டும் அவள் நெடுநேரம் குனிந்திருந்தாள். அங்கிருந்த இளம் தாய்க்கு அன்று காலைதான் பம்பை நிறுத்தி வலி மருந்தின் வேகத்தைக் குறைத்திருந்தார்கள். திரை குறைவாகக் காட்டியது. தாயின் இமைகள் கனத்திருந்தன. அண்ணி கன்னத்தைத் தட்டி அழைத்தாள். இரண்டாம் அழைப்புக்கு அந்தப் பெண் முனகினாள். மருத்துவர் ஒருவர் ஓடிவந்து அவளைப் பொறுப்பேற்றுக்கொண்டார்.

நடைவழியில் அண்ணி சுவரில் சாய்ந்தாள்.

“அண்ணி, என்னை மன்னிச்சி...”

“அதெல்லாம் இப்போ வேண்டாம். டிரைவர் பொண்டாட்டி கீழே உக்காந்திருக்கா. அவகிட்ட யாரு போய்ச் சொல்றது, நானா, நீயா?” மூச்சை இழுத்துவிட்டாள். “இந்தப் பம்ப் வேற எத்தனை ஊர்ல ஓடுது?”

சின்னவள் தொலைபேசியை எடுத்தாள். பெரியவரிடமிருந்து தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு, அடுத்த மருத்துவமனையின் எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அங்கே யாரும் எடுக்கவில்லை.

“மறுபடி போடு” என்றாள் அண்ணி. “எடுக்கிற வரைக்கும் போடு.”