ஒருத்தர் மட்டும் போகலாம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஈரப் படுக்கை விரிப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. மொட்டை மாடியில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். விரிப்புக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பது பேசுகிறவர்களுக்குத் தெரியாது. எனக்கோ வாளியில் மிச்சம் ஒரே ஒரு கைக்குட்டை. அதையே திரும்பத் திரும்ப உதறினேன்.

"அதை வாங்கலாம்னு இருக்கேன்."

"எதை?"

"கீழ போர்வை போத்தி நிக்குதே, அதை."

கிளிப் ஒன்று கீழே விழுந்தது. (என்னுடையதுதான்.)

"அதைப் படுத்துக்கிட்டுல்ல ஓட்டணும்?"

"ஆமா. டேங்க் மேல சாஞ்சுதான் ஓட்டணும்."

"படுத்துக்கிறதுக்கு எதுக்கு வண்டி? வீட்ல கட்டில் இருக்கே."

வாங்கலாம் என்ற பெண் குரல், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவளுடையது. கட்டடத்தில் அவளுக்குப் பெயரே எக்ஸ்ரே. ஆண் குரல் அவள் புருஷன், பள்ளி பஸ் ஓட்டுபவர். அவர் ஓட்டும் வேகத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் நிதானம். இரண்டு பேரும் எனக்கு எதிர்வீடு. எதிர்வீட்டைப் பற்றி எழுதுவதில் ஒரு வசதி உண்டு, கற்பனைக்கு அதிகம் அலைய வேண்டாம்.

2

எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

"மதிய வெயிலில், நைந்த போர்வைக்கு அடியில், அது ஒரு சிவப்புக் குதிரையைப் போல"

குதிரை வேண்டாம். மோட்டார் சைக்கிள் என்றதும் எல்லாரும் அதைத்தான் கூப்பிடுகிறார்கள். பாவம், அதுவும் எத்தனை பேருக்குத்தான் ஓடும்? அடித்துவிட்டு வேறு எழுதினேன்:

"அவளுக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில் பெண்களுக்கு"

இந்த வாக்கியத்தை முடித்திருந்தால் கட்டடத்துப் பெண்கள் என்னைச் சும்மா விட்டிருக்கமாட்டார்கள். பாதியில் நிறுத்தியதை இலக்கிய நுட்பம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். உயிர்ப்பயம்.

ஆகவே வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். அது கீழ்வீட்டு மாப்பிள்ளையுடையது. (மாமனார் வீட்டோடு தங்கியிருப்பதால் தெரு முழுவதும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிடுகிறது, இஸ்திரி போடுகிறவர்கூட "மாப்பிள்ளை சட்டை ரெடி" என்றுதான் குரல் கொடுப்பார்.) அவர் வாங்கும்போதே கை மாறி வந்த பழைய வண்டி. பந்தயத்தில் ஓட்டுவார்களே, அந்த ஜாதி. இரட்டைக் குழந்தை பிறந்ததும் மாப்பிள்ளை காருக்கு மாறிவிட்டார். வண்டி விற்பனைக்கு வந்தது. ஒரு காலத்தில் நல்ல சிவப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது பலமுறை துவைத்த சட்டையின் நிறம். கைப்பிடிகள் தாழ்ந்து, டேங்க் முதுகு உயர்ந்து, பின்சீட்டு என்று பேருக்கு ஒரு துண்டு. ஒரு பாடப் புத்தகம் வைத்தால் நிறைந்துவிடும்.

மதியங்களில் காற்று போர்வையின் ஓரத்தைத் தூக்கி மெதுவாக இறக்கும். தூங்குகிற ஒருவரின் மூச்சைப் போல இருக்கும். வேலை முடிந்து வரும் எக்ஸ்ரே, கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டையோடு அதன் அருகே நிற்பாள். தொடமாட்டாள். எழுப்பிவிடுவோமோ என்பது போல நின்றுவிட்டுப் படியேறுவாள்.

3

ஒரு நாள் அவளைப் படியில் மடக்கினேன். (கதைக்காக அல்ல. கதை பிறகுதான் வந்தது.)

"தினமும் பைக்ல விழுந்து எலும்பு உடைஞ்சு வர்றவங்களைப் பார்க்கிறவ நீ. உனக்குப் போய் இந்த ஆசையா?"

"அவங்களாலதான்க்கா."

"நல்லா இருக்கே கதை!"

"நெஜமா. தோள்பட்டை எலும்பு ஒடைஞ்சு வருவாங்க. மேஜையில படுக்க வெச்சு, அசையாதீங்க, அசையாதீங்கம்பேன். வலியில முனகுவாங்க. அதுக்கு நடுவுல அந்த வளைவைப் பத்திச் சொல்லுவாங்க. விழுறதுக்கு முன்னாடி வந்த வளைவு. 'எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா மேடம்'னு. கண்ணு பாதி மூடியிருக்கும். எலும்பு ஆளுக்கு ஒண்ணுக்கா. வளைவு மட்டும் எல்லாருக்கும் ஒண்ணேதான்."

நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. பாத்திரம் ஆசிரியரைவிட நன்றாகப் பேசுவது ஆசிரியருக்கு ஒன்றும் கௌரவமில்லை. இருந்தாலும் விட்டுவைக்கிறேன்.

அன்று மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தபோது அந்த வண்டியின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தேன். வானத்தளவு படம். டேங்க் நுரையீரல் போலச் சாம்பல் நிறத்தில், உள்ளே ஒரு மேகம். சங்கிலி முதுகெலும்பு. அதன் மேல் அவள், எக்ஸ்ரே அறையில் போடும் கனமான ஈய அங்கியோடு. எங்கள் தெரு வளைந்தது. முடியாமல் வளைந்துகொண்டே போனது. இரண்டு பக்கமும் என் விரிப்புகள் தொங்கின. அவள் கட்டடங்களைப் பார்த்து "அசையாதீங்க" என்றாள். எல்லாம் அப்படியே நின்றன. அவள் மட்டும் போய்க்கொண்டிருந்தாள்.

(கனவுகளைக் கதையில் சேர்த்தால் வாசகர் பக்கத்தைத் தள்ளிவிடுவார் என்பார்கள். நீங்கள் தள்ளவில்லை. நன்றி.)

4

கதை என்றால் குறுக்கே நிற்க ஒருவர் வேண்டும். நிதானத்தை வில்லனாக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

"அவன் மேஜையில் ஓங்கிக் குத்தி, என் வீட்டில்"

நிதானம் ஓங்கிக் குத்துவாரா? பஸ்ஸில் ஒரு குழந்தை தும்மினால் வண்டியை ஓரங்கட்டி மூக்கைத் துடைத்துவிட்டு எடுக்கிற மனுஷன். ஆள் ஒத்துழைக்கவில்லை. நிஜத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான், விரிப்புக்கு அந்தப் பக்கம்:

"அப்போ ஸ்கூட்டர்?"

ஏனென்றால் எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். இது வந்தால் அது போக வேண்டும். அந்த ஸ்கூட்டரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். வாரம் முழுக்க ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் நிதானம், விடுமுறையன்று பின்சீட்டில் ஏறி உட்காருவார். ஓட்டுவது எக்ஸ்ரே. தெருமுனை தாண்டுவதற்குள் அவர் நெற்றி அவள் முதுகில் சாய்ந்துவிடும். கண் மூடிவிடும். கறிகாய்ப் பை மட்டும் மடியில் விழித்திருக்கும். நானே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன், "என்ன சார், ஸ்லீப்பர் கோச்சா?" என்று. சிரிப்பார். "ஒரு நாளாவது ரோட்டைப் பார்க்காம இருக்கேனே" என்பார்.

இப்போது புரிகிறதா, கேள்வி வண்டியைப் பற்றியது மட்டுமல்ல?

5

விடுமுறை நாள். இரண்டு பேரும் வண்டியைப் பார்க்க இறங்கினார்கள். எனக்கும் சரியாக அதே நேரத்தில் குப்பை கொட்ட வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை போர்வையை உருவினார். பின்சீட்டைக் கழற்றி அடியில் இருந்த கம்பியைக் காட்டினார்.

"மறைக்க விரும்பல சார். மெயின் ஃபிரேம் சுத்தம். இது பின்சீட்டைத் தாங்குற கம்பி மட்டும். எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் காலத்துல ஒடைஞ்சு வெல்டு வெச்சிருக்காங்க."

எக்ஸ்ரே குனிந்தாள். அந்த முடிச்சைச் சுண்டுவிரலால் தடவினாள். முகம் தொழில் முகமாகிவிட்டது.

"நல்லாவே கூடியிருக்கு. இப்படி மேடு கட்டிட்டா பயமில்ல. ஒட்டின இடம்தான் கெட்டி, மறுபடி அங்க ஒடையாது."

மாப்பிள்ளை விழித்தார். நிதானம் மெல்ல உட்கார்ந்து பார்த்தார்.

"அது எலும்பும்மா."

"என்னது?"

"நீ சொல்றது எலும்பு. அது ஒட்டின இடத்துல வளரும். இது இரும்பு. வளராது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். சிரிக்கவும் முடியவில்லை.

"சார் சொல்றது சரிதான்," என்றார் மாப்பிள்ளை. "ஒருத்தர் மட்டும் போகலாம், ஒரு கவலையும் இல்ல. பின்னாடி ஆள் ஏத்தக் கூடாது."

"அந்தக் கம்பியை மாத்திட முடியாதா?"

"இந்த மாடலே இப்ப வர்றதில்லக்கா. நானும் தேடாத எடம் இல்ல."

 குப்பை வாளியோடு நின்ற நானே வாய் திறக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6

(இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாமா என்று பார்த்தேன். "அவள் வாங்கினாள்" என்றால், மழை வரும்போதெல்லாம் நீங்கள் கவலைப்படுவீர்கள். "வாங்கவில்லை" என்றால், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் உட்கார வைத்தாயா என்பீர்கள். இரண்டையும் அடித்துவிட்டேன்.)

"ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கக்கா," என்றார் மாப்பிள்ளை. தன் ஹெல்மெட்டைக் கொடுத்தார்.

அவள் ஏறினாள். டேங்க் மேல் சாய்ந்தபோது அவள் உடம்புக்கு ஏற்கனவே தெரிந்த ஏதோ ஓர் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டதுபோல் இருந்தது. என்ஜின் முதலில் இருமியது, பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஒரே சுரத்தில் முனகத் தொடங்கியது. தெருவில் வெயிலும் தூசியும் கலந்து பால் போல நின்றன. அவள் அதற்குள் போனாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து வளைவில் சாய்ந்தாள். மெதுவாக, பக்கம் திருப்புவது போல. பிறகு வளைவு மட்டும் இருந்தது.

நிதானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிமிட்டினாரா என்றுகூடச் சந்தேகம்.

"எடுத்துக்கறோம்," என்றார்.

"சார், நல்லா யோசிச்சு..."

"அவ பின்னாடி கண்ணை மூடிக்கிட்டே உக்காந்து போயிருக்கேன் தம்பி. அவ ஓட்டுறதை நான் பார்த்ததே இல்ல. இப்பத்தான் பார்த்தேன்." மாப்பிள்ளையின் தோளைத் தொட்டார். "அவ வந்து ஹெல்மெட்டைக் கழட்டினதும் நானே சொல்றேன். அதுவரை நீங்க வாயைத் திறக்காதீங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான்."

எனக்குத் தீப்பெட்டி வாங்க வேண்டியிருந்தது. தெருமுனைக் கடைக்குப் போகிறேன் என்றேன். யாரும் நம்பவில்லை.

7

வளைவுக்கு அந்தப் பக்கம், மதில் நிழலில், வண்டியை நிறுத்தியிருந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் மேலே தள்ளியிருந்தாள். உள்ளே கண்கள் பாதி மூடியிருந்தன.

"அவங்க சொன்னதெல்லாம் நெஜம்தான்க்கா," என்றாள். எங்கோ தூரத்திலிருந்து பேசுவதுபோல் இருந்தது. "வளைவுல சாயறப்போ ரோடு நம்ம கையில வந்து உக்காந்துக்குது."

"அப்புறம் என்ன?"

"வேண்டாம்னு சொல்லப் போறேன்."

நான் மதிலைப் பிடித்துக்கொண்டேன்.

"திரும்பி நிமிர்ந்ததும் முதுகு சில்லுன்னு இருந்துச்சு. அவர் நெத்தி இருக்கிற எடம். ஸ்கூட்டரை வித்துட்டு அவரை பஸ் ஸ்டாப்புல நிக்க வெக்கச் சொல்றீங்களா? எனக்காக எதுக்கும் சரின்னுடுவார் அந்த மனுஷன். அதான் போனதும், ஹெல்மெட்டைக் கழட்டாமயே 'பிடிக்கல'ன்னு சொல்லிடப் போறேன். கழட்டினா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவார்."

பார்த்தீர்களா? அவர் கழற்றிய பிறகு சொல்வார். இவள் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். நான் சும்மா இருந்தால் இவள்தான் முந்துவாள். மாப்பிள்ளை போர்வையைத் திரும்பப் போர்த்திவிடுவார். நிதானம் "சரிம்மா" என்று சொல்லி, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, ஆயுசுக்கும் அவள் முதுகில் தூங்குவார். அது ஒன்றும் மோசமான வாழ்க்கை அல்ல. நான் சொல்லிவிட்டால், அவர் தன் வாயால் கொடுக்க நினைத்தது என் வாயால் போய்ச் சேரும். அதற்குப் பிறகு இவள் அழுதுகொண்டே வாங்கலாம், அழுதுகொண்டே மறுக்கலாம். அந்த முடிவாவது இரண்டு பேரும் தெரிந்து எடுத்ததாக இருக்கும்.

வம்பு பேசுகிறவளிடம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் இப்படி ஒரு செய்தி வந்து சிக்கும். அன்றைக்கென்று பார்த்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"என்னக்கா மூச்சு வாங்குது? ஏதோ சொல்ல வந்தீங்களே?"

அதற்கு மேல் எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன்.

"'அவர்' என்று ஆரம்பித்து"

"'ஒண்ணுமில்ல, தீப்பெட்டி' என்று"

இரண்டும் காகிதத்தில் அப்படியே கிடக்கின்றன. எனக்குத் தெரிந்தது அத்தனையும் இப்போது உங்களுக்கும் தெரியும். என்னைவிட உங்களுக்குப் பொறுப்பும் அதிகம் இருக்கும். அவள் என்ஜினை அணைக்கவில்லை. ஒரு கால் தரையில். கண்ணாடியை இறக்கக் கை போகிறது.

சொல்லுங்கள்.