ஆளில்லாத அறைக்கு வாஷ்பேசின்

வேலை செய்யப் போன இடத்தில் பிரசங்கமும் சேர்த்துக் கொடுத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நான் பிளம்பர். தேவாலயத்தின் மேல்மாடியில் பூட்டிக் கிடந்த அறைக்கு வாஷ்பேசின் மாட்டிவிட்டு இறங்கினேன். அங்கே ஒளிந்திருந்தவர் என் தங்கையின் கணவர். அரசாங்கத்தைப் பற்றிப் பத்திரிகையில் உண்மையை எழுதித் தொலைத்துவிட்டார். அப்படி எழுதிய நான்கு பேரை ஏற்கெனவே வேன் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

போதகர் வாசல்வரை வந்தார். "நாள் பொல்லாததா இருக்கு. குடிச்சு வெறிக்காதேன்னு வேதம் சும்மா சொல்லல. அவர் உயிர் இப்ப உங்க வாயிலதான் இருக்கு. இந்த ஒரு மாசமாவது தொடாதீங்க."

"ரெண்டு கிளாஸ் என்னை ஒண்ணும் பண்ணாதுங்க ஐயா. நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சொந்த மாப்பிள்ளையை நான் காட்டிக்கொடுப்பேனா?

மறுநாள் மதியம் வேறு ஒரு கட்டடத்தில் வேலை முடிந்ததும் கொத்தனாரோடு கடைக்குப் போனேன். முதல் கிளாஸ் என் செலவு. அதற்கப்புறம் எல்லாம் பக்கத்து மேசைக்காரன் உபயம். ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிக்கிற கூட்டம் நாங்கள். ஆள் யாரென்று கேட்கவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி நான் மூச்சே விடவில்லை. அதில் கெட்டியாக இருந்தேன். வேலைக் கஷ்டத்தைத்தான் புலம்பினேன்.

"பைப்பைத் தோள்ல தூக்கிட்டு நாப்பது படி ஏறினேன். எதுக்கு? ஆளே இல்லாத ரூமுக்கு வாஷ்பேசின் மாட்ட. புறா வந்து பல்லு வெளக்கப் போகுதா?"

கொத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேசைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கண்ணே அந்த ரூம்?" என்று கேட்டுக்கொண்டே என் கிளாஸை நிரப்பினான்.

சொன்னேன். அவன் முக்கால் பாட்டிலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான். அதையும் நாங்கள்தான் காலி செய்தோம்.

மறுநாள் காலை தங்கை வந்து நின்றாள். முகத்தில் உயிரே இல்லை.

"வேன் வந்துச்சுண்ணா. நேரா மாடிக்குப் போய் அவரை இழுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த ரூம் உனக்கும் எனக்கும் போதகருக்கும்தானே தெரியும்? நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

நேற்றைய நெடி அவளுக்கு எட்டாமல் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"சத்தியமா இல்லம்மா."

"போதகரை அவங்க தொடவே இல்லையாம். அப்ப அவர்தான் காட்டிக்கொடுத்திருக்காரு. இல்லண்ணா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவராத்தான் இருக்கும்" என்றேன்.