மெர்வின் கடைசி ஞாயிறு

1
இந்தக் கதை போர்ட் பிரீ ஊர் நூலகத்தில் பிறந்தது. செவ்வாய்க்கிழமைகளில் கணினி உதவி மேசையில் உட்காருகிறவன் நான். முதலில் இப்படித் தொடங்கினேன்:

மெர்வ் இறந்து பதினோரு மாதம் கழித்து, க்ளெனிஸ் அவனுடைய மடிக்கணினியை

(வேண்டாம். மரண அறிவித்தல் மாதிரி இருக்கிறது.)

2
க்ளெனிஸின் கணவன் மெர்வ் ஞாயிறுதோறும் புல் வெட்டி முடித்துவிட்டு, வீட்டுச் செலவைக் கணக்கு மென்பொருளில் ஏற்றுவான். பிறகு பென் டிரைவில் ஒரு நகல். பெயர் எப்போதும் ‘வீடு’. பழையதன்மேலேயே புதியதைப் பதிவு செய்வான். "ஒண்ணு போதும், எதுக்குக் குப்பை?" என்பான்.

ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதுவான். ‘மீனும் சிப்ஸும். மழை. க்ளென் சிரித்தாள்.’ ‘பெட்ரோல். க்ளென் கோபம். தப்பு என்னுடையது.’

அடக்கம் முடிந்த வாரம், படிக்கத் தாங்காமல் க்ளெனிஸ் மடிக்கணினியில் இருந்த அத்தனை குறிப்புகளையும் அழித்தாள். இப்போது அவை வேண்டும். பென் டிரைவில் அவனுடைய கடைசி ஞாயிற்றின் நகல் பத்திரமாக இருந்தது.

3
உதவிக்கு அவள் தம்பி டெரலை உட்காரவைத்தேன்.

"அவசரப்படாதே க்ளென். பழசை மீட்டா உன்னோட பதினோரு மாசக் கணக்கு போயிடும். முதல்ல இப்ப இருக்கறதுக்கு ஒரு நகல் எடு."

"எதுல எடுக்க?"

"அதான் பென் டிரைவ் செருகியிருக்கே."

‘வீடு’ ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேல் பதியலாமா என்று திரை கேட்டது.

"ஆமான்னு குடு," என்றான் டெரல்.

கொடுத்தாள். பிறகு மீட்டுத் திறந்தார்கள். குறிப்புப் பத்தி மேலிருந்து கீழ்வரை காலி. ஜாக்கிரதையாக இருக்கப்போய், இருந்த ஒரே நகலும் போயிற்று.

4
(இந்த டெரலை எனக்குப் பிடிக்கவில்லை. பேச்செல்லாம் என் பேச்சாகவே இருக்கிறது. இருக்காதா பின்னே? க்ளெனிஸுக்குத் தம்பியே கிடையாது. "ஆமான்னு குடுங்க" என்றவன் நான்தான்.)

பென் டிரைவைக் கணினிக் கடைக்காரரிடம் கொடுத்துப் பார்த்தோம். திரும்ப எடுக்க முடியவில்லை என்றார். அவள் என்னைத் திட்டவில்லை. "விடு கண்ணு. நீ நல்லதுக்குத்தானே சொன்னே," என்றாள். திட்டியிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

5
ஒரு முடிவு வைத்திருந்தேன்: கொட்டகையில், புல்வெட்டி இயந்திரத்துக்குப் பின்னால், இன்னொரு பென் டிரைவ்

அவளுக்குப் படித்துக் காட்டியபோது இந்த இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கிடைச்சிடுச்சுன்னு எழுதிடாதே. வீட்டுல தேட இன்னும் ரெண்டு அலமாரி பாக்கி இருக்கு."

அந்த இரண்டு அலமாரிகளையும் உங்களிடம் விட்டுவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை அவள் வருவாள். நான் மேசையில் இருப்பேன்.