இருபத்தைந்தாவது கிணறு

பூங்கோதை அந்தக் கிணற்றைக் கற்பனையில் தோண்டியது 1997 நவம்பரில், ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

டெல்லி நேரு பிளேஸில் இரண்டாவது மாடியில் இருந்த அந்த ஆலோசனை நிறுவனத்தில் அது பெரிய குற்றமெல்லாம் இல்லை. பீகாரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை அகலப்படுத்த அனுமதி கேட்டிருந்தார்கள். அப்படி அகலப்படுத்தினால் சுற்றுவட்டாரத் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று அறிக்கை எழுதுவது பூங்கோதையின் வேலை. வரைபடத்தை இருபத்தைந்து கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு கிணறு அளக்க வேண்டும். இருபத்துநான்கின் அளவுகள் போனில் வந்துவிட்டன. மிச்சமிருந்த கட்டத்தில் மஹுவாடோலா என்ற ஊர் பழைய வரைபடத்தில் மட்டும்தான் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்பே ஊரைக் காலி செய்து, அதன்மேல் சுரங்க மண்ணை மலைபோலக் கொட்டிவிட்டார்கள்.

கட்டம் காலியாக இருந்தால் அறிக்கை திரும்பி வந்துவிடும். இதற்கெல்லாம் அலுவலகத்தில் 'மேஜைக் கிணறு' என்று செல்லப்பெயரே உண்டு. பக்கத்துக் கிணறுகளின் சராசரியை எடுத்து, சந்தேகம் வராதபடி கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ போட வேண்டியது, அவ்வளவுதான். ஏழு மீட்டர் முப்பத்தைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீர் என்று பூங்கோதை எழுதினாள். உரிமையாளர் பெயருக்கு, வாயில் வந்தபடி, சுக்மதி என்று போட்டாள். தாளை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மூக்கன் தண்ணீர்ப் புட்டிகளோடு ஸ்டேஷனிலிருந்து நேராக வந்து சேர்ந்தார். சேலத்துக்காரர். டெல்லிக்குக் கட்டட வேலைக்கு வந்தவர், இப்போது இந்த அலுவலகத்துக்குக் கிணறு அளப்பவர். பூங்கோதை புட்டிகளை எண்ணினாள். இருபத்தைந்து இருந்தன.

"இது ஏது மூக்கன்?"

"மண்ணு மேட்டுக்கு அந்தாண்ட மேடம். கெளம்பறப்ப ஒரு அம்மா வந்து, எங்க கெணத்த மட்டும் வுட்டுட்டீங்களேன்னுச்சு. போய் அளந்தேன். ஏழு முப்பத்தஞ்சு."

"அந்தம்மா பேரு?"

"சுக்மதியாம்."

பூங்கோதை மேஜை இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள்; பூட்டியபடியேதான் இருந்தது. புட்டியைக் கையில் எடுத்தாள். ஒரு நாள் முழுக்க ரயிலில் வந்த மற்ற புட்டிகள் வெதுவெதுப்பாக இருந்தன. இது மட்டும் இப்போதுதான் இறைத்த மாதிரி ஜில்லென்று, வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. சட்டென்று கீழே வைத்துவிட்டாள்.

உண்மையான கிணறுகள் சொன்ன சேதி வேறு. சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் பம்பு வைத்து வெளியேற்றியதில், மூன்றே வருஷத்தில் தண்ணீர் மட்டம் நாலு மீட்டர் இறங்கியிருந்தது. இன்னும் தோண்டினால் ஜனங்களுக்குக் குடிக்கவும் இருக்காது என்று அறிக்கையில் எழுதியிருந்தாள். முதலாளி ஜகந்நாதன் அதைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"நீங்க எழுதினது சரிதாம்மா. ஆனா இது இப்படியே போச்சுன்னா நமக்கு அடுத்த வேலை வராது. நீங்களும் வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான். நம்பரை மாத்திக் குடுங்க, ஜல்தி."

மூன்று நாள் முரண்டு பிடித்தாள். நாலாம் நாள் அந்தப் புட்டி ஞாபகம் வந்தது. நான் எழுதினால் தண்ணீர் வருகிறதே! எழுதிவிட்டால் வேலையும் தங்கும், ஊருக்கும் தண்ணீர் கிடைக்கும். தனக்கு வசதியான ஒன்றை நம்புவது என்றால் மனுஷ மனசுக்கு எவ்வளவு பக்தி வந்துவிடுகிறது! இருபத்துநான்கு கிணறுகளையும் பேனாவாலேயே நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். ஜனவரியில் அனுமதி வந்தது. சுரங்கத்தில் பம்புகள் இரட்டிப்பாயின.

மே மாதம் மறுபடி அளக்க மூக்கன் போனார். டெல்லியில் அனல் காற்று ஜன்னல்களை உலுக்கிக்கொண்டிருந்த ஒரு காலைவேளையில், அங்கே ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார்.

"மேடம், அளக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இருபத்திநாலும் வத்திப்போச்சு. நாடாவ வுட்டா அடியில போய் டொக்குன்னு இடிக்குது."

"ஜனங்க தண்ணிக்கு என்ன பண்றாங்க?"

"அதச் சொல்லத்தான் போன் பண்ணேன். இருபத்தஞ்சாவதுல மட்டும் கெடக்குது. அதே ஏழு முப்பத்தஞ்சு. எல்லா ஊரு பொம்பளைங்களும் கொடத்தத் தூக்கிட்டு அங்கதான் போவுதுங்க. அந்த சுக்மதியம்மாதான் வூடு வூடா வந்து கூட்டிட்டுப் போவுது."

"போனவங்க திரும்பி வந்தாங்களா?"

"நேத்து போனதுங்க இன்னும் வரல. முந்தாநாள் போனதுங்களும் வரல. தேடிட்டுப் போன ஆம்பளைங்களையும் காணோம்."

பூங்கோதை எழுந்தே நின்றுவிட்டாள். "மூக்கன், நீங்க அங்க போகாதீங்க! அந்தக் கெணறே கெடையாது. நான் உக்காந்த எடத்துல எழுதின பொய் அது. சுக்மதின்னு யாருமே இல்ல!"

ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாததை அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள். ஜகந்நாதன் தன் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. இந்த ஒரு மனுஷன் நம்பினால் போதும் என்றிருந்தது.

மூக்கன் சிரித்தார். "நல்லாருக்கு மேடம். நாந்தான அளந்தேன்? நாடா பொய் சொல்லுமா? ரெண்டு நாளா எனக்கும் தொண்ட நனையல. இதோ, அந்தம்மா பூத் வாசல்லயே நிக்குது. போய் ஒரு கொடம் மொண்டுட்டு வந்து பேசறேன்."

அவள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.